கண்டியில் வாடகை முதலீடு: ஏரிக்காட்சியும் மலைச்சரிவும்

கண்டியில் வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்குவோர் முதலில் விசாரிப்பது இடத்தின் பெயரை. அனிவத்தையா, ராஜபிகில்ல மாவத்தையா, கட்டுகஸ்தோட்டையா, குண்டசாலையா? பேர்ச் விலை அந்தப் பெயரைப் பார்த்தே ஏறுகிறது. வாடகை அப்படி ஏறுவதில்லை. நிலத்தின் விலைக்குள் ஏரிக்காட்சி, தலதா மாளிகையின் அண்மை, வெளிநாட்டில் உழைத்த பணத்தைப் பத்திரப்படுத்தும் ஆசை எல்லாம் அடங்கியிருக்கின்றன. வாடகையை நிர்ணயிப்பவை குடியிருப்பவரின் சம்பளமும் அவர் நாள்தோறும் போய்வரும் தூரமுமே. இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காத முதலீடு வருமானம் தராது. நில விலை ஏறும் என்ற நம்பிக்கையை மட்டுமே சார்ந்து நிற்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஏரி தெரியும் வீடொன்றின் விலை 3 கோடி ரூபா, மாத வாடகை 75,000 எனக் கொள்வோம். ஆண்டு வரவு 9 இலட்சம், அதாவது 3 சதவீதம். கெலிஓயாவில் 1.2 கோடி ரூபா வீட்டை ஆறு அறைகளாக்கி, அறைக்கு 10,000 ரூபாவாகப் போர்டிங் விட்டால், இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்தாலும் 6 இலட்சம் கிடைக்கும். அது 5 சதவீதம். தண்ணீர்த் தாங்கி, கழிவறைத் திருத்தம், சாவி தொலைத்த பிள்ளை என்று அலைச்சல் அதிகம்தான். அந்த அலைச்சலுக்குரிய கூலியும் இந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது. 2022 இன் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியபோது இந்த இரு வீடுகளுமே தோற்றிருக்கும். வட்டி இறங்கிய பிறகுதான் வாடகை மீண்டும் பேசத்தக்க பொருளாயிற்று.

இங்கே வாடகைக்காரரைக் கொண்டுவந்து சேர்ப்பவை நிறுவனங்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. விடுதி கிடைக்காத மாணவருக்கு, குறிப்பாக நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் மலையகப் பிள்ளைகளுக்கு, அதன் சுற்றுவட்டாரமே புகலிடம். தேசிய வைத்தியசாலைக்கு இடமாற்றம் பெற்று வரும் வைத்தியர்களும் தாதியரும் அனெக்ஸ் தேடுகின்றனர். பிரபல பாடசாலைகளைச் சுற்றிய வீடுகளின் நிலை வேறு. 1 ஆம் தர அனுமதியின் அண்மைப் பிரிவில் வாக்காளர் பட்டியலும் வதிவிட ஆவணங்களும் எண்ணப்படுவதால், அங்கே குடிவரும் குடும்பம் எளிதில் எழும்பாது. ஒரே வாடகைக்காரர் வகையை நம்புவதன் ஆபத்தை 2020 காட்டியது: பல்கலைக்கழகம் மூடப்பட, போர்டிங் அறைகள் காலியாயின.

ஆயினும் வாடகை வீதத்துக்கு முன் பார்க்கவேண்டியது சரிவு. 2020 செப்டெம்பர் 20 அதிகாலையில் பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. ஒரு தம்பதியும் அவர்களின் கைக்குழந்தையும் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழை மாவட்டத்தின் பல இடங்களில் மண்ணைச் சரித்தது. காட்சிக்காக அதிக விலை பெறும் நிலம் பெரும்பாலும் சரிவிலேயே இருக்கிறது. தாங்குசுவரும் வடிகாலும் உரிமையாளரின் நிரந்தரச் செலவுகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது தவறு என்றே சொல்வேன். ஆற்றோரச் சமநிலத்தில் மகாவலியின் வெள்ளமட்டத்தை அயலவரிடம் கேட்டறிய வேண்டும்.

யட்டிநுவர வீதி போன்ற நகர்மையத் தெருக்களின் பழைய கடைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு வைத்து, குடியிருப்போருக்குக் காப்பளித்தது. அந்தக் காப்புடன் இருப்பவரின் கடையை வாங்குபவர் அவரையும் சேர்த்தே வாங்குகிறார். குத்தகை முடிந்த இடத்தை மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் விரைவு நடைமுறை தந்துள்ளது. ஆனால் அதன் பயன், எழுத்தில் ஒழுங்காகக் குத்தகை செய்தவருக்கே. வாய்ப்பேச்சில் கொடுத்த அனெக்ஸுக்கும் நொத்தாரிசு முன் கையொப்பமிட்ட அனெக்ஸுக்கும் வாடகை ஒன்றாக இருந்தாலும், வாங்குபவர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கலாகாது.