அடுக்களைக்கு வந்த பரிசுகள்



விழா நாட்களிலும் மணவினைகளிலும் பரிசு வழங்குதல் மக்கள் யாவர்க்கும் பொதுவான வழக்கம். பட்டாடை வழங்குவோர் உளர். பொன்னணி வழங்குவோர் உளர். சமைப்பவர்க்குச் சமையற் கருவியையும் சமையல் நூலையும் வழங்கும் வழக்கமும் ஒன்று உண்டு. நத்தார்க் காலத்தில் மேனாட்டுக் கடைகளிலே மிகுதியாக விலைபோகும் பொருள்களுள் இவையும் அடங்கும். பார்வைக்கு எளிய பொருள்கள். ஆயினும் இவற்றின் வரலாறு எளியதன்று. ஒரு வீட்டிலே யார் அடுப்பின் முன் நிற்கின்றார், யாருக்காக நிற்கின்றார், அவர் உழைப்பைப் பிறர் எவ்வாறு மதிக்கின்றனர் என்னும் வினாக்களுக்கெல்லாம் அவ்வரலாற்றிலே விடை உண்டு. அதனையே இன்று சுருக்கமாக ஆராய்வோம்.

உணவுக் கலம் ஒன்றைப் பரிசாகப் பெற்ற கதை நம் இலக்கியத்திலேயே இருக்கின்றது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபி, முதலிற் சிந்தாதேவியால் ஆபுத்திரனுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் மணிபல்லவத் தீவிலே கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையின் கையை அடைந்தது. அம் மணிபல்லவம் நமது நயினாதீவே என அறிஞர் பலர் கருதுவர். அள்ள அள்ளக் குறையாத அக்கலத்திலே முதற் பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லக்கிழத்தி. கலம் தெய்வம் தந்ததாயினும், அதன் பயன் தொடங்குவது சமைக்கும் ஒருத்தியின் கையிலிருந்தே என்பதைச் சாத்தனார் நமக்கு உணர்த்துகின்றார்.

இனி நூல்களை நோக்குவோம். சமையற் கலை நெடுங்காலம் ஏட்டில் எழுதப்படாமல், தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் கண்ணாலும் கையாலும் கற்பிக்கப்பட்டு வந்தது. "கையளவு", "கண்ணளவு" என்பனவே அளவைகள். தாயும் மகளும் ஒரூரில் வாழும்வரை இந்த முறைக்குக் குறையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் தொழிற்சாலைகளும் புகைவண்டியும் பெருகியபோது, இளங்குடும்பங்கள் பிறந்த ஊரை விட்டு நகரங்களிலே குடியேறின. அடுப்பு இருந்தது, அருகில் தாய் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே அச்சிட்ட சமையல் நூல் அடுக்களைக்குள் நுழைந்தது.

இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் எலிசா அக்டன் அம்மையார். கவிதை எழுதிவந்த இவர், 1845ஆம் ஆண்டு குடும்பங்களுக்கான சமையல் நூலொன்றை வெளியிட்டார். வேண்டிய பொருள்கள் இவை, அளவு இவ்வளவு, வேகும் நேரம் இவ்வளவு என ஒவ்வொரு குறிப்பின் இறுதியிலும் தனியே தொகுத்துக் கூறியமை இவர் செய்த புதுமை. இதற்குப் பின் 1861இல் வெளிவந்ததே இசபெல்லா பீற்றன் அம்மையாரின் "இல்லப் பராமரிப்பு நூல்". ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இப்பெருநூல் முதலாண்டிலேயே அறுபதினாயிரம் படிகள் விற்பனையாயிற்று. அதிலுள்ள சமையற் குறிப்புகள் பல அக்டன் முதலியோரின் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எனினும் பொருள்களைக் குறிப்பின் தொடக்கத்திலேயே நிரல்படக் கூறும் முறையை நிலைநாட்டிய பெருமை இந்நூலுக்கு உண்டு. பிற்காலத்தில் இது ஆங்கிலக் குடும்பங்களிலே மணமகளுக்கு வழங்கும் வழக்கமான பரிசாகியது.

அந்நூலைப் பரிசாகப் பெற்ற மணப்பெண்கள் பலர், பீற்றன் அம்மையாரை நரை திரண்ட மூதாட்டியாகவே மனத்திற் கொண்டிருந்தனர். உண்மை வேறு. நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1865ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், நான்காவது மகவைப் பெற்ற சில நாட்களிற் பிரசவக் காய்ச்சலால் அவர் இறந்தபோது வயது இருபத்தெட்டே. நூலின் உரிமையை வாங்கிய பதிப்பாளர், நூலாசிரியர் உயிருடன் இல்லை என்பதை வெளிப்படப் பேசாமல் புதிய பதிப்புகளை வெளியிட்டு வந்தனர். எழுதியவர் மறைய, அவர் பெயர் மட்டும் அடுக்களைதோறும் வாழ்ந்தது.

அமெரிக்காவை நோக்கின் இதனையொத்த வரலாறுகள் இரண்டு காணக் கிடைக்கின்றன. பொஸ்ரன் நகரிலே 1857இல் பிறந்த பனி பாமர் அம்மையார், பதினாறாம் வயதில் பக்கவாதத்தால் தாக்குண்டு படிப்பை விட்டவர். பின்னர்ச் சமையற் பள்ளியொன்றிற் பயின்று அதன் தலைவியுமானார். 1896இல் அவர் எழுதிய நூலைப் பதிப்பாளர் நம்பவில்லை. மூவாயிரம் படிகளை ஆசிரியரின் சொந்தச் செலவில் அச்சிடுவதற்கே இசைந்தனர். அம்மையாரும் அவ்வாறே செய்து, உரிமையையும் தம்மிடம் வைத்துக்கொண்டார். கோப்பையும் கரண்டியும் தலை தட்டி அளக்கப்படல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதனால், "ஒரு பிடி", "சிறிதளவு" என்னும் மயக்கம் நீங்கியது. கற்பிக்கத் தாயில்லாத பெண்ணும் பிழையின்றிச் சமைக்க வழி பிறந்தது.

மற்றவர் சென் லூயிஸ் நகரத்து இர்மா ரொம்பவர். 1930இல் அவருடைய கணவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐம்பது வயதைக் கடந்த அக்கைம்பெண் துயரத்தில் அமிழ்ந்துவிடாமல், தமக்கும் தோழியர்க்கும் தெரிந்த சமையற் குறிப்புகளைத் தொகுத்து, 1931இல் தம் கைப்பொருளைக் கொண்டு மூவாயிரம் படிகள் அச்சிட்டார். அட்டைப் படத்தை வரைந்தவர் அவர் மகள். "சமைப்பதன் இன்பம்" என்னும் பொருள்படும் பெயருடைய அந்நூல், 1936இல் வணிகப் பதிப்பாக வெளிவந்து, தலைமுறை தலைமுறையாகப் பரிசளிக்கப்படும் நூலாயிற்று.

தமிழிலும் இத்தகைய நூல் ஒன்று உண்டு. இளமையிலேயே கணவனை இழந்த எஸ். மீனாட்சி அம்மாள் சமையலிற் கைதேர்ந்தவர். உறவினரும் அறிந்தோரும் அவரிடம் கடிதம் எழுதிக் குறிப்புக் கேட்பது வழக்கமாயிற்று. அவற்றை நூலாக்குமாறு உறவினராகிய பெரியவர் ஒருவர் ஊக்க, 1951இற் சென்னையில் "சமைத்துப் பார்" வெளிவந்தது. புதுமணப் பெண்ணுக்கும், கடல் கடந்து செல்லும் பிள்ளைகளுக்கும் பெட்டியில் வைத்து அனுப்பும் பொருளாக அது நிலைத்தது. பின்னர் ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து எண்ணிப் பாருங்கள். நோயுற்றவர் ஒருவர், கணவனை இழந்தவர் இருவர், இளமையில் மாண்டவர் ஒருவர். பிறர் வீட்டு விழாக்களிலே மகிழ்ச்சியோடு கைமாறிய நூல்களைத் தந்தவர்கள் இவர்களே. சமையல் நூல் என்பது தாய் இல்லாத இடத்திலே தாயின் சொல்லை வைக்கும் முயற்சி. ஆதலினாலேயே அது பரிசாகும் தகுதி பெற்றது.

அடுத்துக் கருவிகளை நோக்குவோம். இன்று நம் வீடுகளிற் சீழ்க்கையடிக்கும் பிறசர் குக்கருக்கு மூதாதை, தெனிஸ் பபின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679இல் இலண்டன் அரச கழகத்தாருக்குக் காட்டிய நீராவிக் கலம். 1682இல் அக்கலத்திற் சமைத்த விருந்தொன்றை அக்கழகத்தார் உண்டனர். கடினமான எலும்பும் அதிலே மென்மையாக வெந்திருந்தது. நீராவி மிகுந்து கலம் வெடியாதிருக்க அவர் அமைத்த காப்புத் தடுக்கும் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அது வீட்டு அடுப்பை அடைய இரண்டரை நூற்றாண்டு சென்றது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே அமெரிக்க மக்கள் அதனை ஆவலோடு கண்டனர். உடனே போர் மூண்டது. அலுமினியம் யாவும் விமானங்களுக்குச் சென்றமையால் குக்கர் உற்பத்தி தடைப்பட்டது. இந்தியாவிலே 1959ஆம் ஆண்டளவிற் குக்கர் உற்பத்தி தொடங்கியபின், அது சீர்வரிசையிலே செப்புக் குடத்துக்கும் பித்தளைத் தவலைக்கும் அருகில் இடம்பெற்றது.

யப்பானிலே நிகழ்ந்த வரலாறு உள்ளத்தை உருக்குவது. தோஷிபா நிறுவனம் மின்சாரத்தாற் சோறு சமைக்கும் கலம் ஒன்றை ஆக்க விரும்பி, மினாமி யொஷிதாதா என்னும் சிறு தொழிலதிபரிடம் அப்பணியை ஒப்படைத்தது. அவரோ சோறு சமைத்து அறியாதவர். சோதனைச் சுமை முழுவதும் அவர் மனைவி பூமிகோவின் தோளில் விழுந்தது. கடுங்குளிரிலும் வெயிலிலும் நாள்தோறும் பல முறை சோறாக்கி, வெப்பத்தை அளந்து எழுதினார் அவ்வம்மையார். கொதித்தபின் ஏறத்தாழ இருபது நிமிட நேரம் வெப்பம் குன்றாதிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆகவே புறக்கலத்தில் ஒரு கோப்பை நீரை ஊற்றினர். அந்நீர் ஆவியாகி முடிய இருபது நிமிடம் செல்லும். முடிந்தவுடன் வெப்பம் நூறு பாகைக்கு மேல் ஏறும். ஏறியதும் ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கலம் விற்பனைக்கு வந்தது. விடியுமுன் எழுந்து அடுப்பைக் காத்திருந்த எண்ணற்ற பெண்களுக்கு உறக்கத்தின் ஒரு பகுதியை மீட்டுத் தந்தவர் பூமிகோ.

அம்மியும் ஆட்டுக்கல்லும் பழகிய நம்மவர்க்கு அடுத்த செய்தி நெருக்கமானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சபாபதி என்பவர் 1955இல் மின்சாரத்தால் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார் எனக் கூறுவர். பம்பாயில் வாழ்ந்த பொறியியலாளர் சத்திய பிரகாஷ் மாதுரின் மனைவியிடம் ஜேர்மனியில் ஆக்கிய அரைக்கும் கருவி ஒன்று இருந்தது. மென்மையான பழங்களுக்கென அமைந்த அக்கருவி, உலர்ந்த மஞ்சளையும் உளுந்தையும் அரைக்க மாட்டாது எரிந்துபோயிற்று. நம் நாட்டு மசாலாவுக்கு ஏற்ற கருவியை நீரே செய்து தாரும் என்று அவர் கணவரைக் கேட்டார். அதன் விளைவாக 1963இல் தொடங்கிய தொழிலிலிருந்து "சுமீத்" மிக்சி பிறந்தது. நல்ல நண்பன் என்பது அப்பெயரின் பொருள். பிற்காலத்தில் அரசே பரிசு வழங்கும் நிலையும் வந்தது: 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டிலே மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது.

இத்துணைக் கருவிகள் வந்தும் சமைப்பவரின் பாரம் குறைந்ததா? வரலாற்று ஆசிரியர் கேட்க வேண்டிய வினா இதுவே. அமெரிக்க ஆராய்ச்சியாளர் யோவான் வனெக் 1974இல் வெளியிட்ட கணக்கின்படி, வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தனர். 1960களிலோ 55 மணி நேரம் செய்தனர். கருவி பெருக, உழைப்பும் சற்றே பெருகியது! இதன் காரணத்தை றூத் சுவாட்ஸ் கவன் என்னும் வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூலில் விளக்கினார். விறகடுப்புப் போய் இரும்படுப்பு வந்தபோது குறைந்தது விறகு பிளந்த ஆடவரின் வேலை; ஒரே பானையில் ஒரு கூழ் காய்ச்சிய பெண்ணோ, இப்போது பலவகைக் கறிகளும் பணியாரமும் ஆக்கக் கடமைப்பட்டாள். கருவி தந்த ஓய்வை வீட்டாரின் எதிர்பார்ப்பு விழுங்கிவிட்டது. மிக்சி வந்தபின் ஒரு சட்னி மூன்று சட்னியான வீடுகளை நாமும் அறிவோம் அன்றோ?

ஆதலின் கருவி பரிசாவது அதன் விலையால் அன்று. கனடாவிலே 2010இல் வெளிவந்த "இன்ஸ்டன்ட் பொட்" என்னும் மின்சாரக் கலம், சில ஆண்டுகள் நத்தார்ப் பரிசுகளுள் முதன்மை பெற்று விளங்கியது. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க வேண்டாத உறுதி அதற்கு இருந்தது. விற்பனை தளர்ந்து, கடனும் சேர, அதனை விற்ற நிறுவனம் 2023 யூன் மாதத்திற் கடன்காப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. பரிசளிக்கும் ஆர்வம் அலைபோல் எழுந்து அடங்கும். நாள்தோறும் மூன்று வேளை உண்ணும் தேவை அடங்குவதில்லை.

பரிசு கொடுப்போர் இரண்டு வினாக்களைத் தம்முட் கேட்டுக்கொள்ளுதல் நன்று. இப்பொருள் சமைப்பவர்க்கு வேண்டியதா, அன்றி அவர் சமைத்ததை உண்ணும் நமக்கு வேண்டியதா என்பது ஒன்று. இக்கருவியை இயக்க நாமும் கற்றுக்கொள்ளப் போகின்றோமா என்பது மற்றொன்று. மாதுர் தம் மனைவியின் குறையைக் காது கொடுத்துக் கேட்டார். அதனால் அவர் செய்த பொருள் ஆயிரமாயிரம் வீடுகளுக்குப் பயன்பட்டது. சமையல் நூலை வாங்கிக் கொடுத்த கையே அதனைத் திறந்து, வாரத்தில் ஒரு நாளேனும் அடுப்பை மூட்டுமாயின், அந்நாளிலே சமைப்பவர் அமர்ந்து பிறர் பரிமாற உண்பார். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாத அப்பரிசை வரும் பண்டிகை நாளிலே வழங்கிப் பாருங்கள்.