தாது வருடத்துக் கஞ்சித் தொட்டிகள்

1876 ஏப்ரலில் பிறந்த தாது ஆண்டின் பெயராலேயே தமிழகத்தார் நினைவுகூரும் பெரும்பஞ்சம், அவ்வாண்டின் பருவமழை பொய்த்ததில் தொடங்கி 1878 வரை நீடித்தது. மழை பொய்த்தது உண்மையேயாயினும், இருந்த தானியமும் ஏற்றுமதிக்கும் பதுக்கலுக்கும் போய்க்கொண்டிருக்க, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று வைஸ்ராய் லிட்டன் பிடிவாதமாக இருந்ததே அரிசியை ஏழைகளின் கைக்கு எட்டாததாக்கியது.

உழைப்பவனுக்கே உதவி என்பது அரசின் நிவாரண முறை. 1877 ஜனவரியில் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியமும் ஓரணாவும் போதுமென்று குறைத்தார். அதைக்கொண்டு உயிர் தரிக்க இயலாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பிறகே, அதுவும் சில மாதங்கள் கழிந்தே, அளவு சற்றுக் கூட்டப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, இப்படிக் கூலிக்கு வந்த பட்டினிக் கூட்டத்தால் வெட்டப்பட்டதே.

ஊர்வழி நினைவுகளோ இந்தக் கூலிக் கணக்கைப் பெரிதாகப் பேசுவதில்லை. எறும்புப் புற்றைக் கிளறி அது சேர்த்துவைத்த தானியத்தைப் பொறுக்கியதும், கற்றாழைக் கிழங்கை அவித்துத் தின்றதுமே அவற்றில் நிற்கின்றன. அவற்றோடு, வேலை வாங்காமல் வந்தவர்க்கெல்லாம் கூழோ கஞ்சியோ காய்ச்சி ஊற்றிய இடமான கஞ்சித் தொட்டியும் நிற்கிறது. மதுரை வடக்காவணி மூலவீதியில் வாழ்ந்த தாசி குஞ்சரத்தம்மாள், தன் நகைகளையும் வீடுகளையும் விற்றுக் கஞ்சி ஊற்றினாள் என்று வழங்கும் கதையின் விவரங்களை ஆவணங்களைக் கொண்டு சரிபார்ப்பது கடினமெனினும், அந்நகரம் எவரை நன்றியோடு எண்ணிப்பார்த்தது என்பதற்கு அதுவே போதிய சான்றாகும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொடுத்துப் பசி தீர்த்ததைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகவே பாடினார்.

இக்காலத்தை அங்கதமாக்கிய வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்னும் நூலில், அடியார்க்குச் சோறிட வழியற்ற மதுரைச் சொக்கநாதரே அவர்களிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பிவைக்கிறார். கடவுளும் கைவிரித்த அந்நிலையிலும் சீட்டு சென்ற இடம் கலெக்டர் கச்சேரி அன்று, சிவகங்கை அரண்மனை.