வாக்னர் ஆவணங்களும் ஆல்பனிப் பதிவுகளும்

நியூயார்க் செனட்டர் ராபர்ட் வாக்னரின் ஆவணத் தொகுப்பு வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் அவர் பெயராலேயே வழங்குவதால், பெருமந்தக் காலத்தை ஆராய்பவர்கள் அதை நாடிச் செல்வது இயல்பு. ஆனால் தொகுப்பின் பெரும்பகுதி 1927 முதல் 1949 வரை அவர் அமெரிக்க செனட்டில் இருந்த ஆண்டுகளுக்குரியது. அதற்கு முன்பு, 1905இல் தொடங்கி ஓராண்டு இடைவெளி நீங்கலாக 1918 வரை, மாநிலத் தலைநகரான ஆல்பனியில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தைத் தவிர்த்துவிட்டு ஜார்ஜ்டவுன் பெட்டிகளை மட்டும் நம்பினால், வாக்னர் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோடு அரசியலில் பிறந்தவர் போலத் தோன்றுவார். அவர் சட்டம் இயற்றிய முறையோ ஆல்பனியிலேயே முதிர்ந்துவிட்டது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டனர். அதையடுத்து அமைந்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்கு வாக்னர் தலைவர். ஆல் ஸ்மித் துணைத் தலைவர். குழு நேரில் பார்த்தது, சாட்சியம் கேட்டது, வல்லுநர்களைக் கொண்டு மசோதா வரைந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் அதிலிருந்து பிறந்தன. 1928இல் செனட்டில் அவர் எழுப்பிய ஆரம்பக் கோரிக்கைகளுள் ஒன்று, வேலையில்லாதோர் எத்தனை பேர் என்று அரசு கணக்கெடுக்க வேண்டும் என்பது. சான்று முதலில், சட்டம் பிறகு என்ற அதே ஒழுங்குதான் இது. ஆல்பனிச் சட்டங்கள் தீ, சுகாதாரம், வேலைநேரம் பற்றியவை, 1935 சட்டமோ சங்கம் சேரும் உரிமை பற்றியது, இரண்டையும் எப்படி ஒரே கோட்டில் வைப்பது என்று கேட்கலாம். உள்ளடக்கம் வேறுதான்; நான் சொல்லும் தொடர்ச்சி செயல்முறையைப் பற்றியது. 1935 மசோதாவை வரைந்ததில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் லியோன் கைசர்லிங்குடையது என்ற மறுப்பும் உண்டு. உண்மையே. ஆனால் ஆல்பனியிலும் அவர் தனியாக எழுதவில்லை. வல்லுநரை அருகில் வைத்துக்கொள்வது அவர் அங்கேயே பழகிய வழக்கம்.

இரு பதிவுகளையும் சேர்த்துப் படிப்பதன் பயன், 1935 சட்டத்தின் பெரிய குறையில்தான் கூர்மையாகத் தெரிகிறது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் அச்சட்டம் தன் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. நகரத்தில் வளர்ந்தவருக்கு வயல் வேலை தெரியவில்லை என்று இதை விளக்கிவிடுவது எளிது. ஆனால் காய்கனிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் கொட்டகைகளையும் ஆல்பனிக் குழு ஆராய்ந்தது. அங்கே சிறு குழந்தைகள் அவரைக்காய் நறுக்குவதையும் பட்டாணி உரிப்பதையும் குழுவின் சட்டமன்ற உறுப்பினர்களைக் கண்ணால் பார்க்கவைத்ததாக, அந்த ஆய்வில் பங்கேற்ற பிரான்சிஸ் பெர்கின்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். விளைச்சலைச் சார்ந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதை வாக்னர் அறியாதவரல்லர். எனவே அந்த விலக்குக்கான காரணத்தை அவருடைய அறியாமையில் தேடுவதைவிட, தென்மாநிலத்தவர் வலுவாக இருந்த காங்கிரஸின் வாக்குக் கணக்கில் தேடுவதே பொருந்தும்.