ஃப்ரேசியே கொண்டுவந்த ஐந்து செடிகள்

பிரெஞ்சில் ‘ஃப்ரேசியே’ என்றால் ஸ்ட்ராபெரிச் செடி. அதே உச்சரிப்பில் ஒரு மனிதரின் பெயரும் உண்டு, எழுத்துதான் வேறு. சிறுவயதில் டிக்டே எழுதும்போது இரண்டையும் மாற்றி எழுதி வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மனிதருக்கும் அந்தச் செடிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அமெதே ஃப்ரான்சுவா ஃப்ரேசியே ஒரு ராணுவப் பொறியாளர். சிலி, பெரு நாடுகளில் ஸ்பானியர் கட்டிய கோட்டைகளை வேவு பார்க்க, பதினான்காம் லூயி மன்னர் 1712இல் அவரை வியாபாரி வேடத்தில் அனுப்பினார். சிலியில் கொன்செப்சியோன் பக்கத்தில் அக்ரூட் அளவுக்கு ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பார்த்தார். ஐரோப்பாவில் அன்று இருந்தவை சிறியவை. ஆசைப்பட்டுச் சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார்.

அந்த இனத்தின் காட்டுச் செடிகள் சிலியிலும், வடக்கே கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரையிலும் கடற்கரை மணல்மேடுகளில் வளர்பவை. நம் கடற்கரையில் அடப்பங்கொடி படர்வதைப் பார்த்தவர்களுக்கு அது வளரும் விதத்தை விளக்க வேண்டியதில்லை. தாய்ச்செடி ஓடுதண்டு விடும். தண்டின் கணு மணலைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுக் கன்று வரும். அந்தக் கன்றும் தண்டு விடும். கன்றுகள் பத்து இருந்தாலும் குடும்ப அட்டை ஒன்றுதான்!

இது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை. 1986இல் பீட்டர் ஆல்பெர்ட், ஹெரால்ட் மூனி என்ற இரு விஞ்ஞானிகள் கலிஃபோர்னிய மணல்மேட்டுச் செடிகளை வைத்து ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஒரு கன்றுக்குத் தண்ணீர் இருந்து மற்றதற்கு இல்லாவிட்டால், தண்டு வழியாகத் தண்ணீர் போகிறது. இலைகள் செய்யும் சர்க்கரையும் அப்படியே பகிரப்படுகிறது. தண்டை வெட்டிவிட்டால் இந்த உதவி நின்றுவிடும். ஓரிடம் காய்ந்தும் பக்கத்து இடம் ஈரமாகவும் இருக்கும் மணலில் இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

ஃப்ரேசியேயின் செடிகளுக்கோ தண்டும் இல்லை, மணலும் இல்லை. ஆறு மாதக் கடற்பயணத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு வேறு. 1714இல் மர்செய் துறைமுகத்தில் இறங்கியபோது உயிரோடு இருந்தவை ஐந்துதான். தண்ணீர் விட அனுமதித்த சரக்கு அதிகாரிக்கு அவற்றில் இரண்டைக் கொடுத்தார். ஒன்று பாரிஸில் அரச தோட்டத்தில் இருந்த அந்துவான் த ழுசியேவிடம் போனது.

செடிகள் செழித்தன. ஓடுதண்டு விட்டன. பழம் மட்டும் வரவில்லை.

காரணம் எளிது. நம் பனைமரம் போல இந்த இனத்திலும் ஆண், பெண் தனித்தனி. பெரிய பழம் காய்த்த செடிகளாகப் பார்த்து எடுத்ததால், அவர் கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள். பெண் செடியின் ஓடுதண்டில் வருவதும் பெண்தான். எத்தனை நூறாகப் பெருகினாலும் மகரந்தம் இல்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். காய்க்கும் மரத்தைத் தேர்ந்தெடுப்பதுதானே உலக வழக்கம்!

பின்னர் பிரெத்தாஞ் பகுதியில் பிரெஸ்ட் ஊரைச் சுற்றி, வட அமெரிக்காவிலிருந்து வந்த வேறு ஸ்ட்ராபெரி இனத்தோடு சேர்த்து நட்டபோது பழம் பிடித்தது. அந்த இரண்டின் கலப்புதான் இன்று நாம் கடையில் வாங்கும் பெரிய ஸ்ட்ராபெரி. இந்தப் புதிரை அவிழ்த்து 1766இல் புத்தகம் எழுதிய அந்துவான் நிக்கொலா துய்ஷேனுக்கு அப்போது வயது பத்தொன்பதுதான். ஃப்ரேசியே அப்போதும் உயிரோடு இருந்தார். 1773இல் பிரெஸ்டிலேயே, தொண்ணூறைத் தாண்டிக் காலமானார்.