தற்பதிப்பு மின்னூல் விற்பனை

பதிப்பகத்தின் துணையின்றி எழுத்தாளரே வெளியிடும் மின்னூலை வாசகரிடம் சேர்க்கும் முயற்சிகள். 2007 நவம்பரில் அமேசான் கிண்டில் கருவியோடு தன் தற்பதிப்புத் தளத்தையும் தொடங்கியபின் இது தனித் தொழிலாக வளர்ந்தது.

விலையே முதல் உத்தி. அமேசான் விதிப்படி அமெரிக்காவில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலையுள்ள நூலுக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை கிடைக்கும். அதற்குக் கீழே 35 தான். அப்படியிருந்தும் தொடரின் முதல் நூலைப் பலர் 99 சென்டுக்குத் தருகிறார்கள். அந்த இழப்பை அடுத்தடுத்த பாகங்கள் ஈடுகட்டுகின்றன. ஒரேயொரு நூல் மட்டும் எழுதியவருக்கு இவ்வழி பெரிதாக உதவாது. மின்னெசோட்டாவைச் சேர்ந்த அமாண்டா ஹாக்கிங் 2010இல் இவ்வாறு விற்கத் தொடங்கினார். நூல் விமர்சகர்களுக்கும் படிகள் அனுப்பினார். மறு ஆண்டே செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் அவரோடு சுமார் 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஆண்டி வியரின் வழி வேறு: தம் இணையதளத்தில் இலவசமாகத் தொடராக எழுதிய 'தி மார்ஷியன்' நாவலை வாசகர் கேட்டதால்தான் அவர் கிண்டிலில் ஏற்றினார். வாசகர் கூட்டம் முன்பே திரண்டிருந்தது என்பதே இதில் முக்கியம்.

2011இல் வந்த அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேரும் மின்னூலை 90 நாள் வேறெங்கும் விற்கக் கூடாது. அதற்கு ஈடாக ஐந்து நாள் இலவசமாக வழங்கலாம். எவ்வழியில் விற்றாலும் அட்டை, அறிமுகக் குறிப்பு, சரியான வகைப்பாடு ஆகியவை சீராக இல்லாவிட்டால் விளம்பரச் செலவு வீண். தமிழ் நூல்களுக்குக் கிண்டில் கடை 2016 டிசம்பரில் திறந்தது.