யாருடைய கடன்?

1

என் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா அரசுப் பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர். அதனால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. இந்த ஓய்வூதியத்தில் ஒரு விதி உண்டு. முதலில் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குக் கூடுதல் விகிதம். கெடு முடிந்ததும் சாதாரண விகிதம். கெடு முடிந்த மாதத்தில் குறைத்திருக்க வேண்டிய தொகையைக் குறைக்காமல் பதினோரு வருஷம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரோ கணக்கைச் சரிபார்த்தபோது அது தெரிய வந்திருக்கிறது. 'தாங்கள் மிகையாகப் பெற்ற தொகை' ரூ. 4,36,000, மாதத் தவணைகளில் பிடித்தம் செய்யப்படும் என்றது கடிதம். 'தாங்கள் பெற்ற' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 'நாங்கள் தவறாகக் கொடுத்த' என்று எழுதியிருந்தாலும் இலக்கணப்படி சரிதான். அப்படி எழுதப்படவில்லை.

கடிதத்தை நான் படித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்: "நான் என்னடா தப்பு பண்ணேன்? யார்கிட்டயும் போய் கைநீட்டலையே. அவங்களா போட்டாங்க, எடுத்துச் செலவு பண்ணேன்." பத்து நிமிஷம் கழித்து அவரே சொன்னார்: "சரி, கட்டிடலாம். கடனோட சாகக் கூடாது."

இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. தவறு செய்யாதவர் என்று தன்னை அறிந்த ஒருவர் பத்து நிமிஷத்தில் கடனாளியாகிவிட்டார். அந்த இடைவெளியில் யாரும் எந்த ஆதாரத்தையும் காட்டவில்லை. ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

நீட்ஷே 1887-இல் எழுதிய அறநெறிகளின் வம்சாவளி பற்றிய நூலில், ஜெர்மன் மொழியில் குற்றத்தைக் குறிக்கும் 'ஷுல்ட்' என்ற சொல்லும் கடனைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே என்பதிலிருந்து ஒரு பெரிய வாதத்தைக் கட்டுகிறார். குற்றவுணர்வு என்பதே கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான உறவிலிருந்து பிறந்தது என்பது அவர் கட்சி. தமிழில் இந்தச் சொல் வேறு திசையில் போயிருக்கிறது. நமக்குக் கடன் என்றால் முதலில் கடமை. காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் எல்லாம் செய்தாக வேண்டியவை. திருப்பித் தர வேண்டிய பணமும் அதே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. விதவைக்கு ஓய்வூதியம் தருவதும், வேலையற்றவருக்கு உதவித்தொகை தருவதும் அரசின் கடன். திடீரென ஒருநாள் அதுவே வாங்கியவரின் கடனாக மாறுகிறது. சொல் அதேதான், ஆள்தான் மாறிப்போகிறார். இந்த இடமாற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2

எங்கள் ஊரில் என் தாத்தா வெட்டிய கிணற்றுக்குத் 'தக்காவிக் கிணறு' என்று பெயர். தக்காவி, வலுவூட்டுதல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. விவசாயிக்கு வலு சேர்க்க அரசன் கொடுக்கும் முன்பணம். 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு அமைந்த பஞ்ச ஆணையம் இதை முறைப்படுத்தச் சொன்னது. கிணறு, வரப்பு போன்ற நில அபிவிருத்திக்கு 1883-இல் ஒரு சட்டம். விதை, மாடு வாங்கவும் துயர்தீர்க்கவும் 1884-இல் இன்னொரு சட்டம். இரண்டிலும் ஒரே ஒரு பிரிவு நம் கதைக்கு முக்கியம். கொடுத்த பணத்தை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்கிற பிரிவு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஊர் வட்டிக்காரரோடு ஒப்பிட்டால் தெரியும். வட்டிக்காரர் கொடியவர்தான், சந்தேகமில்லை. ஆனால் பாக்கி வசூலிக்க அவர் புரோநோட்டை எடுத்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கையெழுத்து உண்மை என்று நிரூபிக்க வேண்டும். எதிராளிக்கு வக்கீல் உண்டு, வாய்தா உண்டு. மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி. அரசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1864-ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டத்தின்படி தாசில்தார் அலுவலகமே பாக்கி என்று சொல்லும். அதே அலுவலகம் நோட்டீஸ் அனுப்பும். அதே அலுவலகம் பண்டபாத்திரத்தை ஜப்தி செய்யும். கடைசியில் நிலத்தை ஏலம் போடும். வழக்குப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால்கூட, 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அரசுக்கு முப்பது வருஷம் தருகிறது. வட்டிக்காரருக்கு மூன்று, அரசுக்கு முப்பது.

கொடுத்தவர், கணக்கெழுதியவர், தீர்ப்புச் சொல்பவர், ஜப்திக்கு வருபவர் ஆகிய நால்வரும் ஒருவரே என்கிற இந்த ஏற்பாட்டைத்தான் தக்காவி நமக்கு விட்டுச் சென்றது. பஞ்சத்தில் வலுவூட்ட வந்த பணம், வாங்கிய கணத்திலேயே விவசாயியை வரி பாக்கிக்காரனாக மாற்றிவிட்டது. பாட்டி சொல்வார்: "கெணத்துல தண்ணி வரல. தவணை மட்டும் தவறாம வந்துச்சு."

3

இதைக் காலனியத்தின் எச்சம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். நம்முடைய அலுவலகங்களின் மெத்தனம், நம்முடைய கோப்புகளின் தூசி என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாமல் செய்வது ஆஸ்திரேலியாவில் நடந்தது. பணக்கார நாடு, பழைய மக்களாட்சி, தூசி இல்லாத கணினி. அங்கும் அதே நால்வர் ஒருவராக நின்றார்கள்.

அங்கே வேலையற்றோருக்கும் மாணவருக்கும் உதவித்தொகை தரும் அமைப்பு சென்டர்லிங்க். உதவி பெறுபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைச் சொல்ல வேண்டும். அதற்கேற்ப உதவி கூடும், குறையும். 2015-இல் சோதனையாகத் தொடங்கி 2016-இல் முழுவீச்சில் ஒரு தானியங்கித் திட்டம் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரோபோ கடன்'. அதன் கணக்கு பள்ளிக்கூடப் பையன் போடும் சராசரி. வரித்துறையிடம் உள்ள ஆண்டு வருமானத்தை எடுத்து 26-ஆல் வகுக்கும். வருகிற விடையை ஒவ்வொரு இருவாரத்துக்கும் பொருத்தும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு மாணவி ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறாள். அடுத்த ஆறு மாதம் வேலையில்லை. அப்போதுதான் உதவித்தொகை வாங்குகிறாள். வருமானம் பூஜ்யம் என்று உண்மையைச் சொல்கிறாள். இயந்திரம் வகுக்கிறது. இருவாரத்துக்கு 1,000 டாலர், வருஷம் முழுக்க. 'பூஜ்யம் என்று சொன்னாயே, ஆயிரம் இருக்கிறதே, வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடு' என்கிறது. அவள் மறுக்க வேண்டுமென்றால் பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். முன்பெல்லாம் முதலாளியிடம் கேட்டு விவரம் வாங்குவது அதிகாரியின் வேலையாக இருந்தது. அந்த வேலையை இயந்திரம் செய்யவில்லை. கடிதம் பெற்றவரின் தலையில் கட்டியது. வருஷத்துக்குச் சுமார் 20,000 என்றிருந்த விசாரணைகள் வாரத்துக்கு 20,000 ஆயின. 2017 ஜனவரி முதல், ஆறு வருஷம் கடந்த கடனை வசூலிக்க முடியாது என்றிருந்த வரம்பும் நீக்கப்பட்டது. நம் முப்பது வருஷத்தையும் தாண்டிவிட்டார்கள்.

இது சட்டவிரோதம் என்பது முதலிலேயே தெரிந்திருந்தது. 2014-லேயே துறையின் சட்டப் பிரிவு சராசரியை வைத்துக் கடன் சுமத்த முடியாது என்று ஆலோசனை சொல்லியிருந்ததைப் பின்னர் விசாரணை ஆணையம் வெளிக்கொண்டுவந்தது. 2017-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் டெர்ரி கார்னி என்ற உறுப்பினர், கடன் இருப்பதை நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்று தீர்ப்பெழுதினார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. செய்யாததால் அத்தீர்ப்புகள் வெளியாகவில்லை; மற்றவர்களுக்குத் தெரியவும் இல்லை. அதே வருஷம் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. தோற்ற இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு மற்ற இடங்களில் வசூலைத் தொடர்வது என்கிற உத்தி இது.

ஒரு பெண்ணின் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. 2019 நவம்பர் 27-இல், முழு விசாரணைக்கு முன்பே, அந்தக் கடன் செல்லாது என்று அரசு ஒப்புக்கொண்டது. பின்னர் வந்த கூட்டு வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி பெர்னார்ட் மர்ஃபி பதிவு செய்த கணக்கு இது: சுமார் 4,33,000 பேர்மீது குறைந்தது 176 கோடி டாலர் சட்டவிரோதமாகச் சுமத்தப்பட்டது, அதில் சுமார் 75 கோடி டாலரை 3,81,000 பேர் கட்டியும்விட்டார்கள்.

கடைசி எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இல்லாத கடனுக்கு ஏதோ ஒரு தொகையைக் கட்டியிருக்கிறார்கள். பலரிடம் வரித் திருப்பத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். பலரைத் தனியார் வசூல் நிறுவனங்கள் துரத்தின. அதைவிட அதிகம் பேர், 'அரசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று நினைத்திருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன். என் அம்மாவின் பத்து நிமிஷம் அங்கே லட்சக்கணக்கில் நடந்திருக்கிறது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ஆணையம் 2023 ஜூலையில் 57 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அந்த ஆணையத்தின் முன் இரண்டு தாய்மார்கள், கடன் கடிதங்களுக்குப் பின் தற்கொலை செய்துகொண்ட தங்கள் மகன்களைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். திருப்பித் தரப்பட்ட டாலரில் அந்த மகன்கள் சேர்த்தியில்லை.

நெதர்லாந்திலும் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோரின் தாள்களில் ஒரு சிறு குறை இருந்தால்கூட முழு வருஷத்து உதவியையும் திருப்பிக் கேட்டார்கள். டச்சு மொழியிலும் கடனுக்கும் குற்றத்துக்கும் 'ஸ்குல்ட்' என்ற ஒரே சொல்தான். 'கடுங்குற்றம்' என்று முத்திரை குத்தப்பட்ட பெற்றோருக்குத் தவணையில் கட்டும் வசதிகூட மறுக்கப்பட்டது. நீட்ஷேயின் சொல்விளையாட்டு அங்கே அலுவலகப் படிவமாகவே இருந்திருக்கிறது. 2021 ஜனவரி 15-இல் அமைச்சரவை ராஜினாமா செய்தது.

4

நம் ஊருக்குத் திரும்புவோம். 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மாசிக்கும் இடையிலான வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அலுவலகத்தின் தவறால் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாத சூழ்நிலைகள் ஐந்தை அது பட்டியலிட்டது. கடைநிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த நேர்வுகள் என்று அது போகிறது. 2022-இல் கேரளத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வழக்கிலும், வாங்கியவர் ஏமாற்றவில்லை என்றால் வசூல் கூடாது என்றே நீதிமன்றம் சொன்னது.

அப்பாடா என்று நான் மூச்சுவிட்டபோது, விசாரிக்கப் போன இடத்தில் ஒரு தாளைக் காட்டினார்கள். ஓய்வூதியம் தொடங்கிய நாளில் அம்மா கையெழுத்திட்ட உறுதிமொழி. மிகையாக ஏதும் வரவு வைக்கப்பட்டால் திருப்பித் தருவதாக அதில் அச்சிட்டிருந்தது. இது எல்லோரிடமும் வாங்கப்படுவதுதான். 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இப்படி உறுதிமொழி கொடுத்த அதிகாரி அதற்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லியிருக்கிறது. அவர் ஒரு நீதித்துறை அதிகாரி. கணவன் செத்த முப்பதாம் நாள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கும் அது பொருந்துமா?

"படிச்சுப் பாத்துதான் போட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு என் கண்ணுக்கு எழுத்தா தெரிஞ்சுது?"

அந்தக் கையெழுத்துதான் நால்வரையும் ஒருவராக்கும் முடிச்சு என்று நினைக்கிறேன். அரசு தன் கடமையைச் செய்யத் தொடங்கும் நாளிலேயே, அது கடமை இல்லை, திருப்பித் தர வேண்டியதாக ஆகக்கூடிய பணம் என்று வாங்குபவரையே எழுதித்தர வைக்கிறது. தக்காவிக்கு ஒரு சட்டப்பிரிவு, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வகுத்தல் கணக்கு, நமக்கு ஓர் அச்சிட்ட படிவம்.

பொதுப்பணம் வீணாகப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகக் கூடாதுதான். பொய் சொல்லி வாங்கியவரிடம் வசூலிக்கட்டும். ஆனால் எழுதியவரின் பிழையை வாங்கியவரின் கடனாக்கும்போது, பிழை செய்வதற்கான செலவு அலுவலகத்துக்கு இல்லாமல் போகிறது. செலவில்லாத பிழை திரும்பத் திரும்ப நடக்கும்.

ஆஸ்திரேலியக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கணக்கைக் காட்டு என்று கேட்ட இடத்தில் அந்தக் கடன் நிற்கவில்லை; கேட்காத இடத்திலெல்லாம் நின்றது. அம்மா பெயரில் ஒரு மனு எழுதினேன். எந்த மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும், எந்த விதிப்படி, தவறு யாருடையது, பிடித்தத்துக்கு முன் அவரிடம் விளக்கம் கேட்டீர்களா? ஐந்து கேள்விகள். கீழே 2014 தீர்ப்பின் ஐந்து சூழ்நிலைகள். அம்மா கையெழுத்திடும் முன் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முழுவதையும் ஒருமுறை தானே படித்தார்.

பதில் இன்னும் வரவில்லை. பிடித்தம் மூன்று மாதமாக நடக்கிறது. அதை ஒரு நோட்டில் தேதிபோட்டு எழுதிவைக்கிறார். "இது எதுக்கும்மா?" என்றேன்.

"கணக்கு அவங்க மட்டுந்தான் எழுதணுமா?"