ஓசோன் ஓட்டை: நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த பாடம்



எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "ஓசோன் ஓட்டையைக் கண்டுபிடித்தது செயற்கைக்கோள்" என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டேன். அது சரியில்லை கண்ணுகளா. ஓய்வு பெற்ற பிறகு ஆற அமரப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டாப்சன், வெயிலின் புறஊதாக் கதிர் எவ்வளவு குறைந்து தரைக்கு வருகிறது என்று பார்த்து ஓசோனைக் கணக்கிட ஒரு கருவி செய்தார். 1920களின் கடைசியில் அவற்றைக் கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து என்று அனுப்பியபோது, ஒன்று நம்ம கொடைக்கானல் வானாய்வகத்துக்கும் வந்தது! எடுத்த போட்டோ தகடுகள் அளப்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பிப் போகும். இன்றும் ஓசோனுக்கு அலகு டாப்சன்தான். 300 அலகு என்றால், தலைக்கு மேலே உள்ள ஓசோனை எல்லாம் தரையில் கொண்டுவந்து பரப்பினால் 3 மில்லிமீட்டர். ஒரு தோசை கனம்.

நம்ம ஊரில் ரயில் ஏறினால் பாலக்காடு. அங்கே கல்பாத்தியில் பிறந்த கே.ஆர்.ராமநாதன், சி.வி.ராமனின் மாணவர், சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராகவே இருந்தவர். 1984 டிசம்பர் 31-ல் காலமானார். அடுத்த மே மாதம் அந்தச் செய்தி வெளிவந்தது. அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில், ஃபார்மன் குழுவினர் அதே டாப்சன் கருவியை வைத்துத் தரையிலிருந்து அளந்ததில், அக்டோபரில் 300 அலகு இருந்த ஓசோன் 200-க்கும் கீழே இறங்கியிருந்தது.

அப்படியானால் 1978 முதல் சுற்றிக்கொண்டிருந்த நிம்பஸ்-7 பார்க்கவில்லையா? பார்த்தது. ஆனால் 180-க்குக் கீழே வந்த அளவுகளில் 'சந்தேகம்' என்று குறி விழுந்தது, நாங்கள் மார்க் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுவது போல. "கம்ப்யூட்டர் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டது" என்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் தப்பு. எண்கள் பத்திரமாக இருந்தன. நாசா குழு அவற்றைத் தென் துருவத் தரை அளவோடு ஒத்துப் பார்த்தது. அங்கே 300! தரையில் எடுத்த அந்த அளவுதான் பிழை என்பது பிறகுதான் தெரிந்தது. 1985 ஆகஸ்டில் பிராகா மாநாட்டில் நாசாவின் பி.கே.பார்த்தியா செயற்கைக்கோள் படத்தைக் காட்டியபோது, ஓட்டை அண்டார்டிகா முழுக்கப் பரந்திருந்தது. ஹாலியில் நின்று பார்த்தால் அந்த அகலம் தெரியாது. இரண்டு வருஷத்தில், 1987 செப்டம்பர் 16-ல், மாண்ட்ரியல் ஒப்பந்தம்.

பழைய எட்டாம் வகுப்பு நோட்டு யாராவது வைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, "தரையில் கண்டார்கள், வானிலிருந்து அளவு தெரிந்தது" என்று எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பரீட்சையில் இதை எழுதி நான் மார்க் குறைத்த பிள்ளை யாராவது இருந்தால், கமெண்டில் சண்டைக்கு வரலாம்.